டெல்டா கிளைப்பாதைகள்: தண்டவாளம் புதுசு, சரக்கு ஏன் லாரியில்?

கேள்வி, ஜனவரி 11

"திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கி.மீ. பாதையை 294 கோடி செலவில் அகலப்பாதையாக்கி 2023 ஏப்ரலில் திறந்தார்கள். வேதாரண்யம் உப்பு இன்னும் லாரியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. கிளைப்பாதைகளின் தரமும் வேகமும் போதாது, அதனால்தான் வியாபாரிகள் ரயில் பக்கம் வரவில்லை என்பது என் கருத்து. 110 கி.மீ. வேகத்துக்கு உயர்த்தினால் சரக்கு தானாக வரும். யாராவது மறுக்க முடியுமா?"

ஜனவரி 11, இரவு

மறுக்கிறேன். 110 என்பதெல்லாம் பயணிகள் வண்டிக் கணக்கு. நம் நாட்டில் சரக்கு ரயிலின் சராசரி வேகம் பல ஆண்டுகளாக மணிக்கு 25 கி.மீ. பக்கத்திலேயே நின்றது, நல்ல இரட்டைப் பாதைகளையும் சேர்த்து. உப்பு வியாபாரிக்கு மூட்டை நாலு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்து என்ன ஆகப்போகிறது? உப்பு என்ன, அழுகவா போகிறது?

அவர் கேட்பது வேறு. "என்கிட்ட 300 டன் இருக்கு, எடுத்துப்பீங்களா?" ரயில்வேயின் பதில்: "2,600 டன் கொண்டா." பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. தண்டவாளம் வரைக்கும் விஷயம் போகவே இல்லை.

நான் டெல்டாவில் ஒரு ஹேண்ட்லிங் கான்ட்ராக்டரிடம் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். உரம் இறக்குவோம், அரிசி ஏற்றுவோம். ரயில் சரக்கை ஏற்றி இறக்கும் குட்ஸ் ஷெட்டில் கொசுக்கடி வாங்கிய உரிமையில் எழுதுகிறேன்.

ஜனவரி 12, காலை

2,600 டன் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பி.சி.என். என்கிற மூடு வேகன் 42 சேர்ந்தது ஒரு முழு ரேக். வேகனுக்கு 62 டன் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். செய்தித்தாளில் "42 வேகன்களில் 2,000 டன் நெல்" என்று போடுவார்களே, அது ஏன் குறைகிறது என்றால் நெல் இடத்தை அடைக்கும், எடை ஏறாது. அரிசியும் உப்பும் அப்படி இல்லை, வேகனில் இடம் மிச்சம் இருக்கும்போதே எடை முட்டிவிடும். "21 வேகன்களில் 1,250 டன் அரிசி" என்று வருவது பாதி ரேக்.

இப்போது ஷெட்டுக்குள் வாருங்கள். 62 டன் என்றால் 50 கிலோ மூட்டை 1,240. முழு ரேக்குக்கு 52,000 மூட்டைக்கு மேல். ஏற்றி முடிக்கக் கொடுக்கும் இலவச நேரம் 9 மணி. ஒவ்வொரு வேகனிலும் 26 விநாடிக்கு ஒரு மூட்டை உள்ளே விழுந்துகொண்டே இருக்க வேண்டும். டீ கிடையாது, மழை கிடையாது, கதவு சிக்கிக்கொள்ளவே கூடாது. தாண்டினால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். நான் பார்த்த காலத்தில் வேகன் ஒன்றுக்கு மணிக்கு 150 ரூபாய், ரேக்குக்கு 6,300. ஒரு வேகன் மட்டும் பாக்கி என்றாலும் மொத்த ரேக்குக்கும் மீட்டர் ஓடும், ஏனென்றால் கடைசி வேகன் முடிந்தால்தான் ரேக் முடிந்ததாகக் கணக்கு.

இன்னொன்று. 20 டன் லாரி என்று வைத்தால் 130 நடை. பத்து லாரி விட்டால் ஆளுக்கு 13 நடை, 9 மணி நேரத்தில். உப்பளமோ மில்லோ 15 கி.மீ. தள்ளி இருந்தால் நடக்கிற காரியமா? அதனால் முன்கூட்டியே ஷெட்டில் கொண்டுவந்து அடுக்கிவைக்க வேண்டும். அதற்கு அனுமதி வாங்கலாம். அடுக்குவதற்குத் தரையும் கூரையும் இருந்தால்!

ஜனவரி 12, மதியம்

"அப்போ முன்னாடி எப்படி ரயிலில் போச்சு?" நல்ல கேள்வி.

மீட்டர்கேஜ் காலத்தில் நாலு சக்கர வேகன் ஒன்று சின்னது, ஒரே வியாபாரி நிரப்பிவிடுவார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வேகன் கேட்டு எழுதிக்கொடுப்பார். வரும் வண்டியில் ஒன்றைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார்கள். நிதானமாக ஏற்றுவார். மறுநாளோ மறுவாரமோ வேறு வண்டி வந்து கோர்த்துக்கொண்டு போகும். என்றைக்குப் போய்ச் சேரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது, கேஜ் மாறும் இடத்தில் இறக்கி ஏற்றும்போது பத்து மூட்டை கிழியும், ரெண்டு மூட்டை காணாமல் போகும். ஆனாலும் சின்ன ஆளுக்கு ஒரு வாசல் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரயில்வே முழு ரேக் பக்கம் திரும்பியது. ரயில்வேயின் நியாயம் புரிகிறது: ஒற்றை வேகன்களைக் கோர்த்துக் கழற்றும் யார்டுகளில்தான் வேகன்கள் நாள்கணக்கில் தூங்கின. நிலக்கரி, சிமென்ட், உரம் எல்லாம் முழு ரேக்கில் விர்ரென்று போனது. அரியலூர் சிமென்ட் ஆலைக்கு அது வரம். வேதாரண்யத்தில் பாத்தி வைத்திருப்பவருக்குக் கதவடைப்பு. 1992-க்குப் பிறகு எல்லாம் ஒரே கேஜ் என்று மாற்ற ஆரம்பித்ததில் பாதை அகலமானது, வாசல் அகலமாகவில்லை.

ஜனவரி 13, இரவு

தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் மகன் நன்றாகவே திட்டியிருக்கிறார். "பாதையின் நிலைமை முக்கியமில்லை என்று சொல்லாதீங்க சார், எங்கப்பா உயிரைக் கொடுத்துப் பார்த்த பாதை."

தம்பி, என் தாய்மாமாவும் கீமேன்தான். முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, வேகம் முக்கியமில்லை என்றேன். மாமா தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியுமாக விடியற்காலையில் கிளம்பினால் தன் பொறுப்பில் உள்ள பீட் தூரம் முழுவதும் நடந்தே ஆக வேண்டும். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு தட்டு தட்டுவார். இறுகி இருந்தால் ஒரு சத்தம், தளர்ந்திருந்தால் வேறு சத்தம். எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். "காதைக் கழற்றிட்டு வந்தியாடா?" என்பார்.

டெல்டாவின் தலைவலி களிமண். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் இறங்கியதும் அடியில் இருக்கும் களி குழைந்து ஜல்லிக்குள் ஏறும். வண்டி போகும்போது ஸ்லீப்பர் அழுந்தி எழும், அந்த அழுத்தத்தில் சேறு பிதுங்கி மேலே வரும். மழை விட்டுக் காய்ந்தபின் பாருங்கள், ஜல்லி கறுப்பாக இருக்கும், ஸ்லீப்பரைச் சுற்றி மட்டும் சாம்பல் நிறத்தில் பூசியதுபோல் ஒரு வட்டம். அங்கே ஜல்லி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். "சேறு கக்குது" என்பார் மாமா. உடனே காஷன் ஆர்டர், அதாவது வேகத்தைக் குறைக்கும் உத்தரவு, மணிக்கு 30 கி.மீ. மெஷின் வந்து ஜல்லியைச் சலித்துப்போட்டாலும் அடிமண்ணைச் சரிசெய்யாவிட்டால் ரெண்டு மழைக்குள் பழைய கதைதான். புதிதாகப் போடும் பாதைகளில் களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஒரு பரப்பு நல்ல கிராவல் போடுவது இதற்காகத்தான்.

இதெல்லாம் சரக்குக்கும் கெடுதல்தான். ஆனால் 30 கி.மீ. காஷனால் ஒரு வாடிக்கையாளர் ஓடிப்போய் நான் பார்த்ததில்லை.

ஜனவரி 14

பொங்கலும் அதுவுமாக உட்கார்ந்து எழுத வைக்கிறீர்கள். நேற்றைய நோட்டில் ஒன்று விடுபட்டது. பாதை சரக்கை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது: அச்சுச் சுமை.

பழைய கணக்கில் ஓர் அச்சுக்கு, அதாவது ஒரு ஜோடி சக்கரத்துக்கு, 20.32 டன். பாதையும் பாலங்களும் தாங்கும் என்று அனுமதித்த தடங்களில் வேகனுக்கு 8 டன் கூட ஏற்றலாம், "சி.சி. பிளஸ் 8" என்பார்கள், சி.சி. என்பது வேகனின் வழக்கமான கொள்ளளவு. மேலே நான் போட்ட 62 டன் அந்தக் கணக்கு. அனுமதி இல்லாத தடம் என்றால் 54 டன்னோடு நிறுத்த வேண்டும். ரேக்குக்கு 330 டன்னுக்கு மேல் காலியாகப் போகும். வேகம் 50-ஆ 110-ஆ என்பதால் உப்புக்காரருக்கு ஒரு பைசா வித்தியாசம் இல்லை. 54-ஆ 62-ஆ என்பதில் இருக்கிறது அவர் லாபம். நெல்லுக்கு இதுவும் பொருட்டில்லை, அது 48 டன்னிலேயே வேகனை அடைத்துவிடும்.

ஆக, ஒரு கிளைப்பாதையைப் பற்றிக் கேள்வி கேட்பதானால் "எத்தனை கி.மீ. வேகம்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை டன் அச்சு? எந்தப் பாலம் தடுக்குது?" என்று கேளுங்கள். டெல்டாவில் பாலத்துக்கா பஞ்சம், கி.மீ.க்கு ஒரு வாய்க்கால்.

ஜனவரி 14, இரவு

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் அங்குள்ள சிறு ரயில்வேக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அங்கே 1980-ல் ரயில்வே மீதான அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்தபிறகு பெரிய கம்பெனிகள் வேண்டாமென்று விட்ட கிளைப்பாதைகளைச் சின்னச் சின்ன ரயில்வேக்கள் எடுத்துக்கொண்டன. இன்றைக்கு சுமார் 600 இருக்கின்றன. அவர்கள் பாதைகளில் பல, அந்நாட்டு அரசின் தர வரிசையில் முதல் வகுப்பு. முதல் வகுப்பு என்றால் உசத்தி என்று நினைக்காதீர்கள், அங்கே அதுதான் கடைசிப் படி. சரக்கு வண்டிக்கு மணிக்கு 10 மைல், நம் கணக்கில் 16 கி.மீ. அதற்கும் கீழே "எக்ஸெப்டட்" என்று ஒன்று உண்டு, பயணிகள் வண்டிக்கு அனுமதியே இல்லாத பாதை. சைக்கிளில் முந்திவிடலாம். ஆனாலும் தீவனக் கடையும் மரக் கடையும் ரசாயனத் தொழிற்சாலையும் அதில் வாடிக்கையாளர்கள். ஏன்? ஒரே ஒரு வேகனைக் கொண்டுவந்து அவர்கள் வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட எளிய விளக்கம் இல்லை.

இன்னொரு வேடிக்கை: அந்தச் சிறு ரயில்வேக்களையும் உதைப்பது அச்சுச் சுமைதான். பெரிய கம்பெனிகள் 286,000 பவுண்டு வேகனுக்கு மாறிவிட்டன, அதாவது சரக்கோடு சேர்த்து 130 டன் பக்கம். பழைய இலேசான தண்டவாளமும் மரப்பாலமும் வைத்திருக்கும் சின்ன ஆள் அந்த வேகனை முழுசாக நிரப்பி வாங்கமுடியாமல் திணறுகிறார்.

ஜனவரி 16

"இந்தியாவுக்கு அதெல்லாம் ஒத்துவராது" என்று ஒருவர். நம் மாவட்டத்துக்கே ஒரு ரயில்வே இருந்தது, தெரியுமா?

தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரயில்வே. ஜில்லா போர்டு நிலவரியோடு ஒரு சின்ன கூடுதல் வரி போட்டு, மிராசுதார் பணத்தில், 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை போட்ட பாதை. அப்புறம் பட்டுக்கோட்டை, 1903-க்குள் அறந்தாங்கி. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, சொந்தக்காரர் ஜில்லா போர்டு. இன்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் திருவாரூர்–திருத்துறைப்பூண்டி–பட்டுக்கோட்டைத் தடம் அதுதான். பக்கத்திலேயே பேரளம்–காரைக்கால் பாதை 1898-ல் பிரெஞ்சு அரசு சொந்தச் செலவில் போட்டது. தாமதமாக வந்தால் எந்த மொழியில் திட்டுவது என்று அப்போதும் குழப்பம் இருந்திருக்கும்.

அகலப்பாதை பற்றியும் ஒன்று. 1861–62-ல் நாகப்பட்டினம்–திருச்சி பாதையைப் போட்டபோது அதை அகலப்பாதையாகத்தான் போட்டார்கள். 1870-களில் செலவு கட்டுப்படவில்லை என்று மீட்டர்கேஜாகக் குறுக்கினார்கள். நம் காலத்தில் பழையபடி அகலமாக்கினார்கள். நூற்றுச் சொச்சம் வருஷத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்திருக்கிறோம், இடையில் துறைமுகச் சரக்கு மட்டும் போய்விட்டது.

ஜனவரி 17, காலை

திருவாரூர்–காரைக்குடி கேட் கதையைச் சொல்லும்படி கேட்டவருக்கு. 2019 ஜூனில் முழுத் தடமும் திறந்து டெமு என்கிற டீசல் பயணிகள் வண்டி விட்டார்கள். பாதை புத்தம் புதுசு. வண்டியோ 150 கி.மீ. தூரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. காரணம், கேட்டுகளில் கேட்கீப்பர்களே இல்லாததுதான். வண்டியிலேயே ஆள் வருவார். கேட்டுக்கு முன்னால் நிற்கும், ஒருவர் இறங்கிப் போய்ச் சாத்துவார், வண்டி தாண்டி நிற்கும், இன்னொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். அடுத்த கேட்டில் மறுபடி. முன்னாள் ராணுவத்தினரை வேலைக்கு எடுத்தபிறகுதான் சரியாக ஆரம்பித்தது.

கோடிக்கணக்கில் போட்ட தண்டவாளத்தின் வேகத்தை ஒரு சங்கிலிப் பூட்டு தீர்மானித்தது. சரக்கு ரயிலை அப்படி கேட்டுக்கு கேட் நிறுத்திக் கிளப்பினால் டீசல் செலவை நினைத்துப் பாருங்கள்.

ஜனவரி 17, மாலை

நீடாமங்கலத்துக்காரர் ஒருவர் கொதித்துப்போய், "சரக்கு வேண்டும் என்கிறீர்களே, எங்க ஊர் கேட்டில் வந்து நின்று பாருங்கள்."

நியாயம்தான் அண்ணே. நெல் ரேக்கை முன்னும் பின்னும் இழுப்பதும், மன்னார்குடி வண்டிக்கு என்ஜின் திருப்பி மாட்டுவதும், எல்லாம் நெடுஞ்சாலை குறுக்கே. ஆம்புலன்ஸ் நிற்கும், பள்ளிக்கூட பஸ் நிற்கும், கடலை விற்பவருக்கு மட்டும் நல்ல வியாபாரம். சரக்கின் பாரத்தைச் சுமப்பது ஒரு ஊர், அதன் லாபம் எங்கேயோ. ஷெட் ஊருக்கு நடுவில் மாட்டிக்கொண்டதுதான் இதன் வேர். ரயில் வந்த காலத்தில் ஷெட் ஊருக்கு வெளியேதான் இருந்தது, ஊர்தான் அதைச் சுற்றி வளர்ந்தது. புதுப்பாதையில் ஷெட் வைப்பவர்கள் இதையாவது யோசித்து, ரேக்கின் நீளம் மொத்தமும் கேட்டுக்கு ஒரு பக்கமே அடங்கும்படி லூப் என்கிற பக்கப்பாதை போட வேண்டும். முழு ரேக் அறுநூறு மீட்டருக்கு மேல் இருக்கும். இதைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, ரேக்கை ரெண்டாக வெட்டி வைப்பதும் நடக்கிறது. வெட்டிக் கோர்க்கும் நேரம் முழுக்க கேட் மூடித்தான் இருக்கும்.

ஜனவரி 19, இரவு

ஷெட் பற்றி விரிவாக எழுதச் சொல்லி மூன்று பேர். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், அங்கே இன்னும் என் கூட்டாளிகள் வேலை பார்க்கிறார்கள்.

ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வரும். "ரேக் தஞ்சாவூர் தாண்டியாச்சு, ஒன்றரைக்கு பிளேஸ்மென்ட்." வண்டியை ஷெட் லைனில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் பிளேஸ்மென்ட். அந்த நேரத்தில் லோடுமேன் மேஸ்திரியை எழுப்ப வேண்டும், அவர் தெருத்தெருவாகப் போய் ஆளை எழுப்ப வேண்டும். வண்டி உள்ளே வந்து கார்டு இறங்கி, குட்ஸ் கிளார்க் நேரத்தை எழுதினால் 9 மணி நேரம் ஓட ஆரம்பித்துவிடும். முதல் ஒரு மணி ஏற்றுவதில் போகாது. வேகன் கதவைத் திறப்பதில் போகும். துருப்பிடித்த தாழ்ப்பாளைக் கடப்பாரையால் நெம்பணும். உள்ளே போனவர் உரமோ சிமென்ட்டோ முன்னால் போன சரக்கின் தூசியைப் பெருக்கணும். தரையில் ஓட்டை இருந்தால் சாக்கு மடித்துப்போடணும். எதிர்ப்பக்கக் கதவு இடுக்கில் சாக்குத்துணி திணிக்கணும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அரிசிக்குள் இறங்கும். அதற்குப் பிறகுதான் முதல் மூட்டை.

விளக்கு? நாலு கம்பத்தில் ரெண்டு எரியும். ஷெட்டின் கூரை பத்துப் பன்னிரண்டு வேகன் நீளத்துக்கு, மீதி முப்பது வேகன் வானத்துக்குக் கீழே. லாரி வரும் வழி மண்ரோடு. மழையில் ஒரு லாரி புதைந்தால் பின்னால் பதினைந்து லாரி நிற்கும், அந்த நேரமும் நம் கணக்கில்தான். ஒரு வருஷம் உர ரேக் இறக்கும்போது பேய்மழை. தார்ப்பாய் போட்டும் அடி வரிசை யூரியா ஊறிப்போனது. சாக்கைத் தூக்கினால் கீழே வெள்ளைத் தண்ணீர் சொட்டும். அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்று பல மாதம் கடிதப் போக்குவரத்து. எங்கள் முதலாளி அதோடு ரயில் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அந்த ஊரில் மெயின் லைன் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ, கான்கிரீட் ஸ்லீப்பர், எல்லாம் பிரமாதம். வாடிக்கையாளர் போனது மெயின் லைனால் அல்ல.

ஷெட் லைன் தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் மெயினில் கழற்றிப்போட்ட பழசு, தலை தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஜல்லி தெரியாது, கொட்டிய உரமும் தவிடும் மண்ணும் அடைத்து மேலே புல். நடக்கிற வேகத்தில் போகும்போதே அங்கே சக்கரம் இறங்கிவிடும், அதை ஏற்ற அரை நாள். வாடிக்கையாளர் கண்ணில் படுவது ரயில்வேயின் அந்த 700 மீட்டர்தான். ஆக, "பாதையின் நிலைமை சரியில்லை" என்ற கேள்வியாளர் வாக்கியத்தை நான் ஏற்கிறேன், எந்தப் பாதை என்பதில்தான் சண்டை.

ஜனவரி 20

உப்பு பற்றித் தனியாக. அகஸ்தியம்பள்ளி சாதாரண இடமில்லை, 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு எடுத்த மண். ஆனால் தண்டவாளத்துக்கு உப்பு எமன். கடல்காற்றே போதும்: கிளிப்புக்கும் தண்டவாள அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் லைனர் முதலில் அரிக்கும், அதற்கடியில் தண்டவாளத்தின் பாதம் குழிகுழியாகத் தின்றுபோகும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கிளிப்பைக் கழற்றினால்தான் தெரியும். அதனால் கடலோரத்தில் தார்ப்பூச்சு, கிரீஸ் என்று ஓயாமல் வேலை. இதில் உப்பு மூட்டை வேறு ஏற்றி இறக்கினால் ஷெட் லைன் எத்தனை நாள் தாங்கும்? வேகனுக்கும் அதே கதை. அடுத்ததாக அரிசி ஏற்றப்போகும் வேகனில் உப்பு ஏற்றுவதை யாரும் முகம் மலர்ந்து வரவேற்பதில்லை.

உப்பளத்துக்காரர் பக்கமும் பார்க்கணும். விலை மலிந்த சரக்கு. 2,600 டன்னை ரேக்குக்காகச் சேர்த்துவைத்தால் பணம் முடங்கும். லாரிக்காரர் நேற்று போன் பண்ணினால் இன்று வந்து 20 டன் எடுத்துக்கொண்டு கடைவாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். பாக்கிகூட வைக்கலாம். ரயில்வேயிடம் பாக்கி சொல்ல முடியுமா?

ஜனவரி 22

"அப்படியானால் டெல்டாவில் ரயிலுக்கு யார்தான் வாடிக்கையாளர்?" அரசாங்கம். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல்லும் அரிசியும், இந்திய உணவுக் கழகத்தின் அரிசி, உள்ளே வரும் உரம். காரைக்கால் துறைமுக நிலக்கரி தனிக்கதை, அது கப்பலிலிருந்து ரேக், ரேக்கிலிருந்து மின்நிலையம், நடுவில் நம் ஊர்கள் வெறும் பார்வையாளர்கள்.

ஒரே வாடிக்கையாளர் என்றால் என்ன கஷ்டம்? சம்பா அறுவடையில் எல்லாக் கொள்முதல் நிலையத்திலும் மூட்டை மலையாகக் குவியும்போது எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ரேக் வேண்டும். கிடைக்காது. 17 சதவீத ஈரப்பதம் என்று அளந்து வாங்கிய நெல் திறந்தவெளியில் மழையில் நனைந்து முளைவிடும். சித்திரை, வைகாசியில் அதே ஷெட்டில் ஆடு மேயும். லோடுமேன்கள் திருப்பூருக்குப் போய்விடுவார்கள், அடுத்த சீசனில் பாதிப்பேர் திரும்பமாட்டார்கள்.

நாமக்கல்லைப் பாருங்கள். 2013-ல் வந்த சேலம்–கரூர் பாதை. இன்று கோழித்தீவன மக்காச்சோளம் பீகாரிலிருந்தெல்லாம் ரேக் ரேக்காக அங்கே இறங்குகிறது. பண்ணைகள் வருஷம் முழுக்கத் தின்னும், வாங்குபவர்கள் சேர்ந்து வாங்குவார்கள், லாரிக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. பாதை டெல்டாவைவிட உசத்தி என்பதால் அல்ல.

ஜனவரி 23, இரவு

அரிசி ஆலைக்காரர் ஒருவர் கேட்டது, கடைசியாகப் பதில் சொல்கிறேன்: "நாங்க அஞ்சு மில் சேர்ந்து மினி ரேக் போடலாமா?"

போடலாம். மினி ரேக்குக்கு 20 வேகன். சுமார் 1,240 டன், ஆளுக்கு 250-க்குக் கொஞ்சம் குறைவு. சேர்வது கஷ்டமில்லை. சேர்ந்தபிறகுதான் வம்பு. வேகன் கேட்டுக் கொடுக்கும் இன்டென்ட்டும் ரயில்வே ரசீதும் ஒருவர் பெயரில் இருக்கட்டும், அவரே பணம் கட்டி மற்றவர்களிடம் வசூலிக்கட்டும். ஒரு மில் லாரி தாமதமானால் டெமரேஜ் ஐந்து பேருக்கும் ஓடும், அது யார் தலையில் என்பதை இப்போதே பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் முதல் ரேக்கே கடைசி ரேக்.

நீங்கள் யாருமே கேட்காத ஒன்று: ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பக்கம் இறக்குவது யார்? அங்கேயும் மணிக்கணக்கு ஓடும், அங்கேயும் லோடுமேன் வேண்டும், 1,240 டன்னை வைக்கக் குடோன் வேண்டும். ஐந்து கடைக்காரர்கள் ஐந்து ஊரிலிருந்து லாரி எடுத்து வந்து சேர்வதற்குள் ஷெட்டில் கிடக்கும் மூட்டைக்கு வார்ஃபேஜ் என்கிற இடவாடகை வேறு. முதலில் அந்தப் பக்கம் குடோனும் ஆளும் வைத்திருக்கும் மொத்த வியாபாரி ஒருவரைப் பிடியுங்கள். எந்த ஊர் என்று முடிவானதும் எழுதுங்கள். அந்த ஊர் ஷெட்டுக்கு எத்தனை வேகன் நீளத்துக்குக் கூரை, ராத்திரி வேலை உண்டா இல்லையா என்று தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.